இரண்டாவது குடை

என் ஸ்டுடியோவுக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் கேட்பது, "ஃபேன் போடலாமா?" என்பதாகத்தான் இருக்கும். எங்கள் ஊர் வெயில் அப்படி. ஸ்டுடியோவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் வேறு கேட்பார்.

"ஏலே, ஸ்டாண்ட்பை எங்க?"

எதற்கு ஸ்டாண்ட்பை என்பதை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தால் கேமராவுக்கு. டீயை மேசை ஓரத்தில் வைத்திருந்தால் டீக்கு. என் மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கியபோது, ஓர் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்திவைத்திருப்பதாக அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "அது ஸ்டார்ட் ஆகலேன்னா?" என்றார். வலி வந்த காலையில் அது ஸ்டார்ட் ஆகவில்லை. என்னிடம் சொல்லாமலே அவர் பேசி வைத்திருந்த இன்னோர் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாலே கையில் இருப்பதை வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்ப்பேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு பிரதி அனுப்பச் சொல்வார். அனுப்பினால் இன்னொன்று எங்கே என்பார்.

அனல் மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு பம்ப் ஓடும். பக்கத்திலேயே இன்னொரு பம்ப் சும்மா நிற்கும். சும்மா நிற்பதுதான் அதன் வேலை என்று அவர் விளக்குவார். என் மாமனார் என்னைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய அதுதான் என்பதால் எனக்கு அந்த இரண்டாவது பம்பின் மேல் ஒரு பிரியம் உண்டு.

பணி ஓய்வில் மற்றவர்கள் வீட்டுக்குச் சால்வையும் கடிகாரமும் கொண்டுவருவார்கள். அவர் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார். சட்டைப் பையில் இரண்டு பேனா. கண்ணில் ஒரு கண்ணாடி, பையில் உறைக்குள் இன்னொரு கண்ணாடி. வீட்டுச் சாவியில் ஒரு கொத்து அவர் இடுப்பில், இன்னொன்று ஸ்டுடியோவில் என் மேசை டிராயரில். எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு குடைகள். தூத்துக்குடியில் மழை பெய்வதே அபூர்வம். உப்பளக்காரர்கள் சந்தோஷப்படுகிற அளவுக்குத்தான் பெய்யும். அந்த மழைக்கு இவர் இரண்டு கறுப்புக் குடைகளைச் சுமந்துகொண்டு திரிவார்.

அவர் மனைவி நாசரேத்துக்காரி. பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நான் கணவரை அண்ணாச்சி என்பேன். இவரை மதினி என்பேன். ஸ்டுடியோவின் பின்பக்கக் காம்பவுண்ட் சுவர் வழியாக எனக்குக் கிண்ணத்தில் குழம்பு தருவார். தரும்போது புருஷனைப் பற்றி ஒரு வரி சேர்த்துத் தருவார்.

"ஞாயித்துக்கெழம காலை ஆராதனைக்கும் போவாவ, சாயங்காலத்துக்கும் போவாவ. கர்த்தர் காலைல கேக்காம விட்டுட்டா சாயங்காலம் கேக்கட்டும்னு."

ஒருநாள் அண்ணாச்சி பக்கத்தில் நிற்கும்போதே மதினி சொன்னார். "இவிய வீட்டுல எல்லாம் ரெண்டு ரெண்டு. பொண்டாட்டி மட்டுந்தான் ஒண்ணு. அதுக்கும் ஏற்பாடு பண்ணியிருப்பாவ, நான் விடல."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. பம்பைப் பற்றிப் பேசுகிற அதே முகத்தோடு, "உனக்கு ஸ்டாண்ட்பை எங்கன செய்யுதான்? விசாரிச்சுப் பாத்தாச்சு, கெடைக்கல" என்றார். மதினி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு என்னவோ அன்றைக்குக் குழம்பு அதிக ருசியாக இருந்தது.

நான் கல்யாண போட்டோகிராபர். ஊரில் நல்ல போட்டோகிராபர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் அதில் என் பெயரை நானாவது சேர்ப்பேன். படம் எடுப்பதில் குறை சொல்ல முடியாது; அதை எடிட் பண்ணுகிற கம்ப்யூட்டர்தான் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாலை மாற்றும் படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தால், மாப்பிள்ளை முகம் மட்டும் தெரிந்திருக்கும். புதிதாக ஒன்று அசெம்பிள் செய்வது என்று முடிவெடுத்தேன்.

அதற்காகப் பார்த்த வீடியோக்களின் பலனாக எனக்கு அறிவு முற்றிவிட்டது. பிராசஸரைக் குளிர்விக்க ஃபேன் போதுமா, தண்ணீர் வேண்டுமா என்பதைப் பற்றி முடிவெட்டும் கடையில் யாரும் கேட்காமலே பேசினேன். என் கனவு இதுதான்: பக்கவாட்டில் கண்ணாடி போட்ட கருப்புப் பெட்டி, உள்ளே குழாயில் தண்ணீர் சுற்றிவந்து சூட்டை இறக்கும், ஃபேன்கள் எல்லாம் கலர் கலராக எரியும். ஆல்பத்துக்குப் படம் தேர்வுசெய்ய வருகிற கல்யாண வீட்டார் அதைப் பார்த்து வாயடைத்துப்போய்ப் படத்தைக் குறை சொல்ல மறந்துவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் அனுப்பிய படத்தை அண்ணாச்சியிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது கம்ப்யூட்டராலே, கோயில் கொடை விழாவுக்குப் போட்ட சீரியல் செட்டா?"

"லைட்டு சும்மா அழகுக்கு, அண்ணாச்சி. உள்ள தண்ணி ஓடும் பாருங்க, அதான் விசேஷம்."

"தண்ணிய எதுக்குலே மிஷினுக்குள்ள விடுத? எங்க பிளான்ட்ல குழாய்க்குள்ள கடல் தண்ணி ஓடும். ஒரு குழாயில ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழுந்தாப் போதும், கன்ட்ரோல் ரூம்ல மணி அடிக்கும். உன் பொட்டிக்குள்ள ஓட்டை விழுந்தா யாரு மணி அடிப்பா? நீதான் அடிச்சுக்கிடணும்."

தண்ணீரை விட்டேன். சூட்டை உறிஞ்சும் தகடுகள் அடுக்கிய பெரிய ஹீட் சிங்க்கும் அதன் மேல் ஃபேனுமாக, காற்றிலேயே குளிர்கிற ஒன்றை வாங்கினேன். விளக்கை மட்டும் விடவில்லை. மனிதனுக்கு ஒரு ஆசையாவது நிறைவேற வேண்டாமா?

அடுத்த சண்டை, படங்களை எதில் வைப்பது என்பதில். எனக்குப் பிடித்தது வேகம். கட்டைவிரல் அகலத்தில் நீளமாக எஸ்எஸ்டி என்று ஒரு சேமிப்புச் சில்லு வருகிறது. தட்டினால் படம் திறக்கும். பெரிய அளவில் அதில் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிடலாம் என்பது என் திட்டம். அண்ணாச்சி வழக்கம்போலக் கேட்டார்.

"ஸ்டாண்ட்பை எங்க?"

"இது ஓடுத டிஸ்க் இல்ல, அண்ணாச்சி. உள்ள சுத்துற பார்ட்டே கெடையாது. தேயாது."

"தேயாதது போகாதுன்னு யாரு சொன்னா? பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்கு. எல்லாப் படமும் ரெண்டுலயும் இருக்கட்டும். ஒண்ணு இங்கன, ஒண்ணு உன் வீட்டுல."

"ரெண்டையும் இந்தப் பெட்டிக்குள்ளயே மாட்டிரலாமே?"

"பொட்டி போனா?"

அவரோடு பேசி ஜெயிக்க முடியாது. ஆகவே தலையாட்டிவிட்டு, என் இஷ்டப்படி அந்த ஒரே ஒரு எஸ்எஸ்டியை வாங்கினேன். மீந்த காசில் இன்னும் இரண்டு விளக்கு ஃபேன்கள் போட்டேன். அவரிடம், ஹார்ட் டிஸ்க் அடுத்த சீசனில் என்று சொன்னேன். எங்கள் தொழிலில் அடுத்த சீசன் என்பது கிட்டத்தட்ட இயேசுவின் இரண்டாம் வருகை மாதிரி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி எனக்கு நிறைய யோசனை சொல்லியிருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவை சரியானவை. அவற்றை நான் கேட்டதில்லை. தப்பான யோசனை ஒன்றே ஒன்று சொன்னார். அதை மட்டும் அப்படியே கேட்டேன்.

எடிட்டிங் அறை ஸ்டுடியோவின் பின்பக்கம். ஏசி இருப்பது முன்னறையில், கஸ்டமருக்கு. பின்னறைக்குக் கடலைப் பார்த்த ஒரு ஜன்னல். சித்திரை வெயிலில் நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றாக எக்ஸ்போர்ட் பண்ணினால், கலர் விளக்குப் பெட்டி மூச்சு வாங்கும். சூடு எத்தனை டிகிரி என்று திரையில் ஓர் எண் காட்டும். அது ஏறுவதை நான் காய்ச்சல் கண்ட பிள்ளையின் தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணாச்சி அந்த எண்ணைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மத்தியானத்துக்கு மேல கடல் காத்து சும்மாதான வருது? வெட்டிவேர்த் தட்டி ஒண்ணு கட்டி, அதுல தண்ணி தெளிச்சா, காத்து குளுந்து வரும். காத்துல இருக்க உப்பையும் தட்டி புடிச்சிரும். கூலிங் டவர் தத்துவந்தாம்லே."

நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரன். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவன். ஈரம் என்றால் எங்கள் ஊரில் நல்ல விஷயம். கேட்டதும் பூரித்துப்போனேன். மறுநாளே தட்டி வந்தது. சொல்லத் தேவையில்லை, இரண்டு தட்டி. ஒன்று ஜன்னலில் நனைந்து தொங்கும்போது மற்றது வெயிலில் காயும். குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து அவரே தெளித்தார். பெட்டியை ஜன்னலுக்கு நேராக நகர்த்தினோம். வாசனையாகக் காற்று வந்தது. திரையில் எண் இறங்கியது. நானும் அவரும் கை குலுக்கிக்கொண்டோம். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து மதினி, "என்னத்த கண்டுபுடிச்சிய, ரெண்டு பேரும்?" என்று கேட்டார்.

அந்த வாளித் தண்ணீர் போர்வெல்லிலிருந்து வரும் போர் தண்ணீர். எங்கள் தெருவில் போர் தண்ணீரைப் பற்றித் தெரியாத குழந்தை கிடையாது. வாயில் வைத்தால் கரிக்கும். குழாய் மூடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். குடிக்க, சமைக்க எல்லாம் நல்ல தண்ணீர் தனியாக லாரியில் வரும். ஒரு இன்ஜினீயரும் ஒரு வீடியோ மேதையும் சேர்ந்து, காற்றிலுள்ள உப்பைத் தடுக்க உப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தோம். இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

அந்த வருஷக் கடைசியில் அவர்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள் வந்தது. சபையில் நன்றி ஆராதனை வைத்தார்கள். படம் நான்தான். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அபூர்வமாகத் தூறல் போட்டது. அண்ணாச்சியின் வாழ்நாள் தயாரிப்புக்குப் பலன் கிடைத்த நாள் அது. உடனே ஒரு குடையை விரித்து மதினிக்குப் பிடித்தார். பிடித்தவர் தான் முழுதாக வெளியே நின்றார். புதுச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. இரண்டாவது குடை அவர் கக்கத்தில் மூடியபடி இருந்தது. அவசரத்துக்கு வேண்டுமே! மதினி அதைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த பைபிளால் வாயை மறைக்கப் பார்த்து, முடியாமல், சிரித்தார். நான் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஆல்பம் போட, வீட்டார் வந்து படங்களைத் தேர்வுசெய்து தர வேண்டும். இதில் எங்கள் பக்கத்து ஜனங்கள் எடுத்துக்கொள்கிற காலத்தில் புதுமணத் தம்பதிக்குப் பிள்ளையே பிறந்து நடக்க ஆரம்பித்துவிடும். இவர்களும் வந்தார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு போஸிலும் இரண்டு இரண்டாகத் தேர்ந்தெடுத்தார். மதினி எதிலும் தான் நன்றாக இல்லை என்றார். எழுந்துபோனார்கள். மறுபடி வந்தார்கள். மறுபடியும் அதே. ஆல்பம் அப்படியே நின்றது.

பிறகு ஒரு காலையில், அண்ணாச்சி மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம், மதினி தனியாக வந்தார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுல எனக்கு நாலஞ்சு படம் ஏத்திக் குடு தம்பி."

"எது வேணும் மதினி?"

அண்ணாச்சி பக்கத்தில் இல்லாதபோது மதினிக்குக் குழப்பமே இல்லை. இது, இது, இது என்று சட்டென்று காட்டினார். எல்லாவற்றிலும் அண்ணாச்சி இருந்தார். குடைப் படம் வந்ததும் மறுபடி சிரித்தார்.

"ஆல்பந்தான் வரப்போவுதே மதினி, இது எதுக்கு?"

"உன் பொட்டிய நம்பச் சொல்லுதியா? அது எரியுத எரிச்சலப் பாத்தாலே பயமா இருக்கு. ஒண்ணு என்கிட்டயும் இருக்கட்டும்." டிரைவைத் திரும்ப முடிந்துகொண்டார். "அவியகிட்ட சொல்லிராத. இத்தன வருஷம் நான் பேசுன பேச்சுக்கெல்லாம் அர்த்தமில்லாமப் போயிரும்."

மாசி மாதத்தில் மதினி இறந்துபோனார். நோய் என்று ஒன்றும் இல்லை. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். அண்ணாச்சி பேசி வைத்திருந்த இரண்டு வண்டிகளும் வந்தன. அஞ்சலிப் போஸ்டருக்கு அவசரத்தில் அவர்கள் மகள் ஒரு பழைய அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்துவிட்டாள். அதில் மதினி ஏதோ பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்ப்பதுபோல இருந்தார். தெருவெங்கும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. குடைப் படத்தை நல்லபடியாகப் பெரிதாகப் போட்டு அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் தேறட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் தேறவில்லை. தினமும் ஸ்டுடியோவுக்கு வந்தார், உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஒரு பேனாதான் இருந்தது. கண்ணாடி உறையைக் காணோம். குடையும் ஒன்றாகிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. வேண்டுமென்றே டீயை மேசை விளிம்பில், விழுந்துவிடும்போல வைத்துப் பார்த்தேன். பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரே ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்தார். வாளியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்த் தட்டியை நனைப்பார். முன்பு மத்தியானம் மட்டும் நனைத்தவர் இப்போது காலையிலும் நனைத்தார். ஜன்னலடிச் சுவர் ஊறிப் பொரிந்தது. மேசைக் கால் உப்பியது. போதும் அண்ணாச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மனிதருக்கு உலகத்தில் அந்த ஒரு வேலைதான் மிச்சமிருந்தது.

ஒரு வளைகாப்பு ஆல்பத்துக்கு எடிட் பண்ணிக்கொண்டிருந்தபோது, பெட்டிக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. திரை கறுத்தது. பிறகு அது திறக்கவே இல்லை. கலர் விளக்குகள் மட்டும் அட்டகாசமாக எரிந்துகொண்டிருந்தன. அந்தப் பெட்டியில் நான் ஆசைப்பட்டு வாங்கியது எதுவோ அது கடைசிவரை உழைத்தது.

கடைக்காரரை வரவழைத்தேன். அண்ணாச்சியும் வந்து உட்கார்ந்துவிட்டார். பெட்டியை முன்னறைக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்த கடைக்காரர், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே, உள்ள கருவாடு காயப் போட்டியளா?"

போர்டெங்கும் பச்சை பூத்திருந்தது. திருகாணிகளில் துரு. ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையில் வெள்ளை வெள்ளையாக உப்பு. எஸ்எஸ்டியைக் கழற்றி, கொண்டுவந்த இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். அப்படி ஒன்று இருப்பதாகவே அது காட்டவில்லை. வெளியூருக்கு அனுப்பினாலும் தேறுவது கஷ்டம் என்றார். பிறகு அனுப்பியும் பார்த்தேன், தேறவில்லை.

அண்ணாச்சி எழுந்து வந்தார். தகட்டிலிருந்து விரலால் கொஞ்சம் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நம்ம போர் தண்ணிதாம்லே" என்றார்.

கடைக்காரர் சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"எங்க கல்யாண நாள் படம்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

மற்ற எல்லாக் கல்யாணங்களும் ஆல்பமாகிப் போய்விட்டன. வளைகாப்புப் படம் இன்னும் கேமரா கார்டில் இருந்தது. தேர்வு முடியாமல் நின்ற ஒரே வேலை அவர்களுடையதுதான். அதை எடுத்த கார்டுகளை அழித்து எத்தனையோ கல்யாணம் எடுத்தாகிவிட்டது.

"இதுலதான் இருந்துச்சு, அண்ணாச்சி."

நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். ஸ்டாண்ட்பை எங்கே என்று கத்தியிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பின்னறைக்குப் போய்த் தட்டியை அவிழ்த்து, சுருட்டி, சுவரோரமாகச் சாத்தினார். காய்ந்துகொண்டிருந்த இரண்டாவது தட்டியையும் எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தார். வீட்டுக்குப் போய்விட்டார். நான்தான் அவர் மனைவியை இரண்டாவது முறை சாகடித்தேன் என்று எனக்குத் தோன்றியது. வாளியைத் தூக்கியது தான்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

நாற்காலியில் அவர் குடை மாட்டியிருந்தது. மறந்துபோயிருக்கிறார். அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கையில் எடுத்தேன். எடுத்ததும் குடைப் படம் நினைவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே, சேலைத் தலைப்பில் முடிந்த பென் டிரைவ்.

அவர் வீட்டுக்கு நான் ஓடியதை எதிர்வீட்டுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வெயிலில் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினேனாம்.

"அண்ணாச்சி, மதினி ஒரு பென் டிரைவ்ல படம் ஏத்திட்டுப் போனாவ."

"யாரு?"

"மதினி."

"எதுக்கு?"

"ஸ்டாண்ட்பைக்கு."

அவர் என்னை நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "அவளா?" என்றார். மறுபடியும் "அவளா?" என்றார். உதடு ஒரு பக்கமாகச் சிரிக்கப் போனது. அப்படியே கோணி, அழுகையாகிவிட்டது. மதினி போன அன்றும் அவர் அழுது நான் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

தேடினோம். பீரோ, தையல் மிஷின் டிராயர், கைப்பை, பைபிள் உறை, சமையலறை டப்பாக்கள். எங்கும் இல்லை. அண்ணாச்சி எல்லாவற்றையும் தடவித் தடவித் தேடினார். கழற்றி வைத்த கண்ணாடியை எங்கே வைத்தார் என்பதும் இப்போது தெரியவில்லை. கடைசியில் அலுத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் தெரியல. அந்த மேசைல இன்னொரு கண்ணாடி கெடக்கும், எடுலே."

முன்பு அவர் சட்டைப் பையில் இருந்த அந்தக் கண்ணாடி உறை டிராயரின் ஆழத்தில் கிடந்தது. எடுத்துத் திறந்தேன். கண்ணாடிக்கு அடியில், துடைக்கிற மஞ்சள் துணியில் சுற்றி, பென் டிரைவ் இருந்தது. முதல் கண்ணாடி போனால் ஒழிய அவர் அந்த உறையைத் திறக்க மாட்டார் என்பது மதினிக்குத் தெரியும்.

என் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து போட்டேன். எல்லாப் படமும் பழுதில்லாமல் திறந்தன. குடைப் படத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். இரண்டாவது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவ எதுக்கு இப்படிச் சிரிக்கா?"

"உங்க கக்கத்துல பாருங்க."

பார்த்தார்.

"ரெண்டு கொடை வச்சுக்கிட்டு நனைஞ்சிருக்கேன்" என்றார். "நீயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா படம் போயிருக்கும், அண்ணாச்சி."

பெரிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னேன். "ரெண்டு பிரிண்ட் போடவா?" என்று கேட்டேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"ஒண்ணு போதும்" என்றார்.

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. நான் இரண்டு போட்டேன். ஒன்றை ஃப்ரேம் செய்து கொடுத்தேன். ஒன்றை உறையிலிட்டு மேசை டிராயரில், அவர் வீட்டுச் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அவரோடு இத்தனை நாள் பழகிய தோஷம்.

அடுத்த மாதம் மகள் வந்து அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். ரயிலுக்குப் புறப்படும்போது கையில் ஒரு பெட்டி, கக்கத்தில் அந்த ஃப்ரேம். குடை கொண்டுபோகவில்லை. அங்கேதான் மழை பெய்யும் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

இப்போது என்னிடம் இருக்கிற கம்ப்யூட்டர் வெறும் தகரப்பெட்டி. விளக்கு கிடையாது. பின்னறை ஜன்னலை அடைத்து ஏசி போட்டுவிட்டேன். எஸ்எஸ்டியில் வேலை நடக்கும். முடிந்த படங்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏறும். ஒன்று இங்கே, ஒன்று வீட்டில். இந்த வீடியோ மேதையிடம் யாரும் இப்போது யோசனை கேட்பதில்லை. நானும் முடிவெட்டப் போனால் வாயை மூடிக்கொண்டு வெட்டிக்கொள்கிறேன்.

அவரிடமிருந்து வெகுநாள் தகவல் இல்லை. நான் கூப்பிட்டால் மகள்தான் எடுப்பாள். அப்பா தூங்குகிறார் என்பாள். போன வாரம் அவரே கூப்பிட்டார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஏலே, பேத்தி பந்து அடிச்சதுல படத்துக் கண்ணாடி ஒடஞ்சிட்டு."

"ஐயோ. படத்துக்கு?"

"படத்துக்கு ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தா?" மூச்சு வாங்கியது கேட்டது. "நீ ரெண்டு போட்டிருப்பேல்லா?"

"போட்டேன், அண்ணாச்சி."

"எனக்குத் தெரியும். எங்க வச்சிருக்க?"

"ஸ்டுடியோவுலதான். மேசை டிராயர்ல."

"அது போச்சுன்னா?"

மதினி போன பிறகு அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்து நான் கேட்கவே இல்லை. கஸ்டமர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார், திரும்பிக்கொண்டேன்.

"இன்னைக்கே இன்னொண்ணு போட்டுருதேன், அண்ணாச்சி" என்றேன்.

"ஒண்ணா?" என்றார்.